உஷார்! அந்தப் பழைய பைன் பெட்டகத்தை அவசரப்பட்டு வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை காலை. "இஞ்சாருங்கோ, ஆர் இதிலை மா கொட்டினது?" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்டபோது, முதல் சந்தேகம் சின்னவன் மேல்தான் போனது. குனிந்து பார்த்தேன். லாச்சி அலுமாரியின் பின்காலடியில் ஒரு சிட்டிகை மஞ்சள் நிறத் தூள், அரித்தெடுத்த உளுத்தம்மா மாதிரி. துடைத்துவிட்டேன். ஞாயிறு காலை அதே இடத்தில் அதே அளவு தூள். அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, கைபேசி வெளிச்சத்தைப் பின்பலகையில் அடித்தேன். குண்டூசித் தலை அளவில் துளைகள். எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்திக்கொண்டேன். அதில் ஏழெட்டுத் துளைகளின் விளிம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது, நேற்றுத்தான் யாரோ ஊசியால் குத்தியதுபோல.

ஒன்பது மாதங்களுக்கு முன் ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியக் குழு நடத்திய லொப்பேமார்க்கெட்டில் 300 குரோனருக்கு வாங்கிய பைன் அலுமாரி அது. நோர்வேயில் இருப்பவர்களுக்குத் தெரியும்: வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பாடசாலை மண்டபங்கள் பழைய சாமான் சந்தையாக மாறிவிடும், சேரும் காசு பிள்ளைகளின் ட்ரம்பெட்டுக்கும் சீருடைக்கும் போகும். 'லொப்பே' என்றால் தெள்ளு. தெள்ளுச் சந்தை என்று பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் வாசிக்காமல் உள்ளே போகிறோம்.

யாழ்ப்பாணத்தில் 'உசார்' என்றால் சுறுசுறுப்பு. தமிழ்நாட்டில் 'உஷார்' என்றால் கவனம். சந்தைக் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நிற்கும் எங்களிடம் முதலாவது தாராளமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டாவதற்காக.

இது தேக்கு இல்லை

எங்கள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய மரத்தைத் தட்டிப் பார்த்தால் நம்பிவிடும். அம்மம்மாவின் பெட்டகம் முதிரை, அப்பப்பாவின் கதிரை தேக்கு. மூன்று தலைமுறை ஏறி இருந்தும் அசையாதவை. அந்த நம்பிக்கையை அப்படியே கொண்டுவந்து பைன் பலகையில் வைக்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நோர்வேக்காரரும் சுவீடன்காரரும் 'ஃபூரு' என்றும் டென்மார்க்கில் 'ஃபூர்' என்றும் சொல்லும் இந்தப் பைன், காட்டில் தாராளமாகக் கிடைத்த குடியானவர் மரம். மேசை, வாங்கு, கட்டில், பெட்டகம் எல்லாம் அதில்தான். வெறும் பைன் ஏழ்மையின் அடையாளம் என்பதால் அதன்மேல் வர்ணம் பூசினார்கள். நோர்வேயின் தெலமார்க், ஹல்லிங்டால் பக்கத்து ரோஜாச் சித்திரமும் சுவீடனின் டாலர்னாவில் 'குர்பிட்ஸ்' என்னும் பூங்கொடிச் சித்திரமும் அப்படி வளர்ந்தவை.

வெறும் பைன் நாகரிகமானது பிறகுதான். ஸ்டொக்ஹோமின் நோர்டிஸ்கா கொம்பனியெட் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் அக்செல் ஐனார் யோர்த், 1929 முதல் கோடை விடுதிகளுக்கென்று முரட்டுப் பைன் சாமான்களை வரைந்தார். ஊத்தே, லூவே என்று ஸ்டொக்ஹோம் தீவுகளின் பெயரை அவற்றுக்கு வைத்தார். 1938-இல் சுவீடனில் இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமானது. சாதாரணத் தொழிலாளிக்கும் காட்டோரக் குடில் கனவு வந்தது. குடிலுக்குப் பைன் வந்தது. 1970-களில் அது அலையாக அடித்து நகர வீடுகளையும் மூடியது. சுவர், கூரை, கதிரை, கட்டில் எல்லாம் பைனாக இருக்கும் குடிலை நோர்வேக்காரர் இன்றும் 'ஃபூருஹெல்வெத்தே', பைன் நரகம், என்று கேலி செய்வார்கள்.

அந்த நரகத்துக்கு இப்போது மறுபடி மவுசு. யோர்த்தின் சாமான்கள் உலக ஏலங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. அதைப் பார்த்துக் கொட்டிலில் கிடந்த எல்லாப் பைனும் 'விண்டேஜ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வெளியே வருகிறது. அதோடு சேர்ந்து வருபவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உஷார் 1: துளை

எங்கள் ஊரில் மரத்துக்கு எமன் கறையான். இங்கே வண்டு. நோர்வேயில் 'போரெபில்லே' என்பார்கள், துளைக்கும் வண்டு. நான்கு மில்லிமீற்றர் அளவில் பழுப்பு நிறப் பூச்சி. பலகைக்கு உள்ளே வேலை செய்வது அதன் புழு. மூன்று நான்கு வருடம், சில வேளை அதற்கும் மேல், சத்தமில்லாமல் மரத்தைத் தின்று, பிறகு மே முதல் ஓகஸ்ட் வரையான நாட்களில் வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நாங்கள் பார்க்கும் துளை அது உள்ளே போன வழி இல்லை, வெளியே போன வழி. துளை தெரியும்போது விருந்து முடிந்து, அடுத்த முட்டையும் இடப்பட்டிருக்கலாம்.

ஒன்று இரண்டு மில்லிமீற்றர் வட்டத் துளை என்றால் இந்த வண்டு. நீள்வட்டமாக, அரை சென்ரிமீற்றருக்கும் மேல் பெரிதாக இருந்தால் இன்னும் மோசம்: சுவீடனில் 'ஹூஸ்பொக்' எனப்படும் வீட்டு நீள்கொம்பன். அது பைன் இனத்து மென்மரங்களையே தேடித் தின்னும். கூரை உத்தரத்தையும் விடாது.

பழைய துளையா, புதிய துளையா என்று அறிய வழி உண்டு. பழைய துளையின் விளிம்பு கறுத்து, உள்ளே தூசி அடைத்திருக்கும். புதிய துளை வெளிறி, கூராக இருக்கும். தட்டினால் தூள் கொட்டும். வர்ணமோ வார்னிஷோ பூசிய பக்கத்தில் இந்த வண்டு முட்டையிட விரும்பாது. பூசாத பின்பலகை, லாச்சியின் அடி, கால் நுனி, இவைதான் அதன் பிரசவ அறை. நாங்களோ சந்தையில் முன்பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கிறோம்.

ஒரு ஆறுதலும் சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சூடாக்கப்படும் வரவேற்பறையில் மரம் நன்றாகக் காய்ந்துவிடும். ஈரமில்லாத பலகையில் புழுவுக்குப் பிழைப்பில்லை. நிலவறை, வாகனக் கொட்டில், வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் 'ஹித்தே' குடில் ஆகியவைதான் உண்மையான ஆபத்து. 'வீட்டில் இடமில்லை, கீழே போட்டு வைப்போம்' என்று நிலவறைக்கு அனுப்புகிறீர்களே, அதுதான் வண்டுக்கு நீங்கள் வைக்கும் விருந்து.

'மாசி மாதத்தில் வெளியே வைத்தால் உறைந்து செத்துவிடும்' என்று பலர் சொல்வார்கள். ஒஸ்லோவின் குளிரை நம்ப முடியாது. மெல்ல மெல்லக் குளிர்ந்தால் புழு அதற்குப் பழகிக்கொள்ளும். பலகையின் நடுப்பகுதி வரை சட்டென்று கழித்தல் 20 பாகைக்கு இறங்கி இரண்டு வாரம் அப்படியே இருக்க வேண்டும். அல்லது உள்நடுவே 55 பாகை வரை சூடேற வேண்டும். இரண்டும் தொழில் தெரிந்தவர் வேலை. உங்கள் வீட்டுக் காப்புறுதியில் பூச்சிக்கென்று ஒரு பகுதி இருக்கிறதா என்று முதலில் வாசியுங்கள்.

கட்டில் என்றால் இன்னொரு பயமும் உண்டு: மூட்டைப்பூச்சி. 1930-களில் சுவீடன் வீடுகளில் அது எவ்வளவு மலிந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1934-இல் தொடங்கிய பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்று தன் பெயரையே 'அன்டிசிமெக்ஸ்' என்று வைத்துக்கொண்டது. சிமெக்ஸ் என்பது மூட்டைப்பூச்சியின் இலத்தீன் பெயர். கட்டில் சட்டங்களின் பொருத்துகளில் கரும்புள்ளிகள் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பி நடவுங்கள்.

உஷார் 2: மூலையில் ஒளிந்த பச்சை

இதுதான் எனக்குப் பெரிய பயம். வாங்கியவுடன் எல்லோரும் செய்வது என்ன? உரஞ்சுதாள் எடுத்துத் தேய்ப்பது. 'மேலே இருக்கும் பழைய பெயின்றை எடுத்தால் அழகான பைன் வரும்!'

கொஞ்சம் பொறுங்கள். பழைய வெள்ளையில் ஈயம் இருக்கலாம். சிவப்பிலும் மஞ்சளிலும் இருக்கலாம். பச்சையில் ஆசனிக் கூட இருக்கலாம்: 1775-இல் சுவீடன் இரசாயனர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே கண்டுபிடித்த புகழ்பெற்ற பச்சை, செம்பும் ஆசனிக்கும் சேர்ந்த நஞ்சு. பழைய பச்சை எல்லாம் ஷீலேயின் பச்சை என்று சொல்லவில்லை. எது என்று கண்ணால் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன்.

1921-இல் ஜெனீவாவில் வெள்ளை ஈயத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை வந்தது உண்மை. அது குறிவைத்தது கட்டடங்களின் உட்புறப் பூச்சை. கொட்டிலில் மிஞ்சிக் கிடந்த தகரப் பேணியைத் திறந்து, சமையலறை வாங்குக்கு ஒரு பூச்சுப் பூசிய குடியானவர் ஜெனீவாவைக் கேட்டுப் பூசவில்லை.

'எங்களுடையதில் பெயின்றே இல்லை, வெறும் மரம்' என்பவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். 1960, 70-களில் வர்ணம் பூசிய சாமான்களைக் காரத் தொட்டியில் முக்கி உரித்து விற்பது ஒரு மோகமாக இருந்தது. எத்தனையோ சித்திரப் பெட்டகங்கள் அப்படித் தோலுரிந்து போயின. முக்கி எடுத்த மரம் சாம்பல் பூத்து, விரலால் தடவினால் நார் நாராக இருக்கும். பொருத்துகளில் இருந்த பழைய விலங்குப் பசை இளகி, கதிரை ஆடும். மூலையில், பூட்டுத் துளையில், லாச்சியின் இடுக்கில் பழைய நிறம் ஒரு கோடாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் அந்தக் கையோடு பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீர்கள்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது அதிகம் பாதிப்பது தவழும் குழந்தையின் மூளையையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும். உலர்ந்த உரஞ்சுதாளால் ஒரு மணிநேரம் தேய்த்தால், அந்தத் தூள் கம்பளத்தில், திரைச்சீலையில், தரையில் என்று எங்கும் படியும். குழந்தை தவழும், கை வாய்க்குப் போகும். வேறெதுவும் தேவையில்லை. சூட்டுக் காற்றுத் துப்பாக்கி இன்னும் மோசம். அளவு மீறிச் சூடானால் ஈயம் புகையாகவே எழும்.

ஆகவே முதலில் சோதனை. ஈயத்தைக் காட்டும் குச்சிகள் விற்பனைக்கு உண்டு. சந்தேகம் தீராவிட்டால் ஆய்வுகூடம். வர்ணம் உதிராமல் உறுதியாக இருந்தால் உரிக்கவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து மேலே ஒரு தெளிந்த பூச்சு. உதிர்கிறது என்றால் அது பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு உரிய சாமான் இல்லை.

உஷார் 3: பெட்டகத்துக்குள் அரிசியா?

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு வார்த்தை. இருபது கிலோ பாஸ்மதிப் பையை எங்கே வைப்பது என்று தேடும் வீடுகளில், மூடியுள்ள பைன் வாங்கும் பெட்டகமும் கடவுள் அனுப்பியவைபோல வந்து சேர்கின்றன. வேண்டாம்.

அந்தப் பெட்டகத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் வண்டு இருந்திருந்தால், அன்றைய உரிமையாளர் என்ன அடித்திருப்பார்? அக்கால மருந்துகள் டிடிடி, லிண்டேன், பென்டாகுளோரோஃபீனோல் என்று போகும். கடைசியில் சொன்னதைச் சுவீடன் 1978-இல் தடை செய்தது. தடை வந்தது கடைக்கு; பலகைக்குள் ஊறியதை யாரும் திரும்ப எடுக்கவில்லை. உட்பலகையில் சர்க்கரை தூவியதுபோல் நுண்ணிய வெள்ளைப் படிகம் பூத்திருந்தால், மூடியைத் திறந்ததும் மருந்து நெடி முகத்தில் அடித்தால், அதில் அரிசியும் வேண்டாம், குழந்தையின் உடுப்பும் வேண்டாம், கூறைச் சேலையும் வேண்டாம்.

சுவீடன் மொழியில் 'ஷிஸ்தா' என்ற ஒரே சொல்தான் பெட்டகத்துக்கும் சவப்பெட்டிக்கும். பழைய பெட்டகத்தின் மூடியைத் தூக்கிப் பாருங்கள், ஏன் என்று புரியும். கட்டைக் கனம், தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை, கைவிட்டால் மொத்தமாக விழும். எட்டிப் பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளையின் கழுத்து அந்த விளிம்பின் உயரத்தில்தான் இருக்கும். ஒளித்து விளையாடும் பிள்ளை உள்ளே இறங்கி, வெளியே கொக்கி விழுந்தால் மூச்சுக்கு வழியில்லை. பூட்டையும் கொக்கியையும் கழற்றிவிடுங்கள். மூடியை மெல்ல இறக்கும் தாங்கி ஒன்று பொருத்துங்கள்.

லாச்சி அலுமாரிக்கும் இதே கதை. பழையவற்றில் லாச்சியை நிறுத்தும் தடை பெரும்பாலும் இருக்காது. கோடையில் மரம் ஈரம் குடித்துப் பொருமி, லாச்சி இறுகும். பிள்ளை பலமாக இழுக்கும்; லாச்சி முழுதாகக் கழன்று காலில் விழும், அல்லது திறந்த லாச்சியில் ஏறும்போது அலுமாரியே சாயும். 2016-இல் இக்கேயா அமெரிக்காவில் 29 மில்லியன் அலுமாரிகளைத் திரும்பப் பெற்றது குழந்தைகள் மேல் அவை சாய்ந்து உயிர் போன காரணத்தால். அந்த அறிவிப்பு புதிய சாமானுக்கு. நூறு வருட அலுமாரியைத் திரும்பப் பெற அறிவிப்பு விடுவதற்கு அதைச் செய்த தச்சன் உயிரோடு இல்லை. இரண்டு இரும்புக் கோணத்தை வாங்கிச் சுவரோடு இறுக்குங்கள். லாச்சி இறுகினால் ஓடும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேயுங்கள்.

உஷார் 4: கையில் சுட்ட துணி

இதை என் கையே சாட்சியாகச் சொல்கிறேன். சுத்தம் செய்த ஒரு வாங்குக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். பைனுக்கு இங்கே காலங்காலமாகப் பூசும் எண்ணெய் அது. வேலை முடிந்ததும் துணிகளைச் சுருட்டிக் கடதாசிப் பைக்குள் போட்டு, மேல்மாடத்துக் கதவோரம் வைத்தேன். மூன்று மணித்தியாலம் கழித்துக் குப்பையில் போட எடுத்தபோது பையின் அடி சுட்டது. வெயிலில்லை, அடுப்பில்லை. பிரித்தேன், நடுச்சுருளில் இருந்த துணியைப் பிடிக்க முடியவில்லை.

ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதுபோல் இல்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு இறுகும். இறுகும்போது வெப்பம் விடும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் போக வழியின்றிச் சேர்ந்து சேர்ந்து தானாகவே தீப்பற்றும். இரவு பத்து மணிக்குப் பூசிவிட்டு, துணியைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டுப் படுப்பவரின் வீடு, விடியும் முன் எரியக்கூடும்.

செய்ய வேண்டியது சிறிய காரியம். துணியை நனைத்து, மூடியுள்ள உலோகப் பேணியில் தண்ணீரோடு போடுங்கள். அல்லது வெளியே ஒற்றை மடிப்பில் விரித்து முழுதாகக் காயவிடுங்கள். தீயே வேண்டாம் என்றால் டேனிஷ்காரர் வழியைப் பிடியுங்கள்: சவர்க்காரச் சீவலைக் கரைத்துத் தேய்த்தல். மரம் வெளிறி அழகாக இருக்கும்.

உஷார் 5: '1798' என்று எழுதியிருக்கிறதே!

பெட்டகத்தின் முகப்பில் பெயரும் ஆண்டும் எழுதுவது நோர்வே, சுவீடன் மரபு. அதனால் பொய் எழுதுவதும் சுலபம். தூரிகை பிடித்தவர் எவரும் எந்த ஆண்டையும் எழுதலாம்.

எழுத்தை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். பலகையின் அறுப்புத் தடம் வில்போல் வளைந்திருந்தால் அது வட்ட வாளின் வேலை. 1798-இல் குடியானவர் வீட்டுப் பெட்டகத்தில் அதற்கு வேலையில்லை. முதலில் பூட்டிய இடத்திலேயே சிலுவைத் தலைத் திருகாணி இருந்தால், அந்தத் திருகாணி 1930-களில்தான் பிறந்தது. லாச்சி மூலைப் பொருத்துகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவா? இயந்திரம். கைவேலையில் ஒன்றுக்கொன்று சற்று மாறும். வட்ட மேசை என்றால் அளவு நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் பிடியுங்கள்: நூறு வருடம் காய்ந்த பலகை குறுக்கே சுருங்கும், இரண்டு அளவும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் யோசியுங்கள். முன்பக்கம், அடி, உள்பக்கம் எல்லாம் ஒரே செம்மஞ்சள் என்றால் அது காலம் கொடுத்த நிறமில்லை, சாயம். வெளிச்சம் படாத இடம் அவ்வளவு சிவக்காது.

இணையத்தில் வாங்குவோர் இன்னும் கவனம். ஃபின், புளொக்கெட் போன்ற தளங்களில் படத்தைக் காட்டி, 'வேறொருவரும் கேட்கிறார், இப்போதே விப்ஸ் பணச் செயலியில் பாதியைப் போடுங்கள்' என்றால் போடாதீர்கள். காசு கைமாறுவது சாமானைத் தொட்டுப் பார்த்த பிறகு. அவர்கள் அனுப்பும் இணைப்பைத் திறந்ததும் அது வங்கி அடையாளம் கேட்டால் உடனே மூடுங்கள். கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியாளிடம் வாங்கினால் அது இல்லை.

வாங்கப் போகும்போது கையில் எடுங்கள்

கைவிளக்கு, அளவு நாடா, ஈயச் சோதனைக் குச்சி, ஒரு கறுப்புத் தாள்.

லாச்சிகளை முழுதாக வெளியே இழுங்கள். சாமானைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். கவிழ்க்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பின்பலகையைக் கறுப்புத் தாளின் மேல் தட்டுங்கள். தூள் விழுகிறதா பாருங்கள். மூக்கை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். வாங்கினால் நேரே கூடத்துக்கோ பிள்ளையின் அறைக்கோ ஏற்றாமல், வீட்டின் மற்ற மரச்சாமான்களிலிருந்து தள்ளி வைத்து ஒரு கோடையைக் கடத்துங்கள்.

என் லாச்சி அலுமாரியைப் பூச்சி ஒழிப்பவர் கொண்டுபோய் ஆழ்குளிரில் வைத்துத் திருப்பித் தந்தார். கூலி அலுமாரியின் விலையை விடப் பல மடங்கு. "புதிசு ஒண்டு வாங்கியிருக்கலாம்" என்று மனைவி சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. இப்போது அது சுவரோடு இறுக்கப்பட்டு நிற்கிறது. நான்கு காலின் கீழும் கறுப்புத் தாள். ஓரத்தில் பென்சிலால் திகதி. போன ஜூனிலும் தாள் கறுப்பாகவே இருந்தது. ஆனால் பலகைக்குள் ஒரு புழு தப்பியிருந்தால் அதற்கு மூன்று நான்கு வருடப் பொறுமை உண்டு. எனக்கு இன்னும் இரண்டு ஜூன் பாக்கி.